பெட்டியில் தொடங்கிக் கப்பலில் முடிப்பது: மட்டக்களப்பில் பறங்கி மூதாதையரைத் தேடும் வழி

ஒல்லாந்தக் கப்பலில் வந்து மட்டக்களப்புக் கோட்டையில் இறங்கிய எங்கள் முதல் ஆள் யார்? போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக் குடும்பங்களில் தேட வெளிக்கிடுகிற அநேகம் பேருக்கு முதலில் வருகிற கேள்வி இதுதான். இதிலிருந்து தொடங்கினால் தேடல் கெட்டுப் போகும். இணையத்தில் தன் குடும்பப் பெயரைத் தட்டி, 1750இல் வந்த ஒரு சிப்பாயைக் கண்டு, அவரையே மூதாதையாக்கிவிட்டு, நடுவில் உள்ள தலைமுறைகளைப் பிறகு நிரப்பப் பார்ப்பார்கள். அந்த நிரப்பலில் பாதி கற்பனையாகிவிடும்.

ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்று வையுங்கள். ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்த 1795 வரை போக எட்டுத் தலைமுறை வேண்டும். எட்டாம் தலைமுறையில் ஒருவருக்கு 256 முன்னோர். கப்பலில் வந்தவர் அந்த 256 பேரில் ஒருவர், மிஞ்சினால் சிலர். மற்றவர்களில் பலர் இந்த மண்ணிலேயே பிறந்த பெண்களும் ஆண்களும். ஆகவே தன்னிலிருந்து தாய் தகப்பனுக்கு, அங்கிருந்து அவர்களுடைய தாய் தகப்பனுக்கு என்று ஒவ்வொரு படியாகத்தான் பின்னே போக வேண்டும். ஒரு படியைக் காட்டக் குறைந்தது ஒரு பத்திரமாவது கையில் இல்லாமல் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது.

வீட்டில் உள்ளது

முதல் வேலை அலுமாரிக்கு மேலும் கட்டிலுக்குக் கீழும் உள்ள பெட்டிகள். தேட வேண்டியவை: குடும்ப வேதாகமம், செபப் புத்தகங்களுக்குள் செருகிய நினைவுப் படங்கள், ஞானஸ்நானப் பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம், காணி உறுதி, ஓய்வூதியக் கடிதம், பழைய கடவுச்சீட்டு, அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த கடிதங்களின் உறைகள். கடிதத்தைவிட உறைதான் சில வேளை உதவும். அனுப்பியவரின் முகவரியும் தபால் முத்திரைத் தேதியும் அதில்தான் இருக்கும்.

வேதாகமத்தின் முன்பக்கத்தில் பிறப்புத் தேதிகள் எழுதியிருந்தால் முதலில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். புத்தகம் 1902இல் அச்சானது, முதல் பதிவு 1861 என்றால் அந்தப் பதிவு ஞாபகத்தில் இருந்தோ வேறு தாளில் இருந்தோ எழுதப்பட்டது. எல்லாப் பதிவும் ஒரே கை, ஒரே மை என்றால் ஒரே நாளில் இருந்து எழுதியிருக்கிறார்கள். இவை பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் கண்டவர் அன்றே எழுதிய சாட்சிக்கு உள்ள பெறுமதி இதற்கு இல்லை.

கடதாசியை லெமினேட் செய்ய வேண்டாம், செலோடேப்பும் ஒட்ட வேண்டாம். இரண்டும் சில ஆண்டில் பத்திரத்தைத் தின்றுவிடும். வாவியோரத்து ஈரப்பதனில் இராமபாணம் தின்னாமல் இருக்கப் பூச்சி உருண்டை வைப்பவர்கள் அது தாளில் படாமல் துணியில் கட்டி வைக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், இரு பக்கமும் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்திலும் ரப்பர் முத்திரை இருக்கும். படக் கோப்புக்கு ஆண்டில் தொடங்கும் பெயர் வையுங்கள்: ‘1912 ஞானஸ்நானம், புளியந்தீவு’ என்பது போல. ஆயிரம் படம் சேர்ந்த பிறகு இதன் அருமை தெரியும்.

வயதானவர்களிடம் கேட்கும்போது “உங்கட பாட்டனுக்கு என்ன பேர்?” என்று கேட்டால் பதில் ஒரு சொல்லோடு நின்றுவிடும். “ஆச்சிக்கு ஞானத்தாய் ஆர்? அந்த வீடு ஆரிட சீதனம்? தச்சுப் பட்டறை எந்த ஒழுங்கையில இருந்தது?” என்று கேளுங்கள். உறவும் இடமும் தொழிலும் ஒன்றாக வரும். மட்டக்களப்புப் பறங்கியரில் தச்சு, கொல்லு, தையல், சப்பாத்து, இயந்திர வேலை பரம்பரையாக வந்தது. பழைய பதிவில் ஒரே பெயரில் இரண்டு பேர் வரும்போது தொழில்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும்.

அத்தாட்சிப் பத்திரங்கள்

பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கையில் 1867 தொடக்கம் சட்டப்படி நடக்கிறது. ஆரம்ப காலத்தில் பலர் பதியவில்லை. பிரதி எடுக்கப் பிரதேச செயலகத்தில் பி 63 படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பதிவு இலக்கமும் தேதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு. தெரியாவிட்டால் காலத்தைச் சொல்லித் தேடச் சொல்ல வேண்டும், அதற்குக் கட்டணம் கூட. ஆகவே தேதியை வேறு எங்காவது, கோயில் பதிவிலோ விடுகைப் பத்திரத்திலோ, நெருக்கிக்கொண்டு போவது நல்லது. கையால் பெயர்த்தெழுதிய பிரதியில் எழுத்துப் பிழை புகும். மூலப் பதிவின் நிழற்பிரதி கிடைக்குமா என்று கேளுங்கள்.

இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பில் இருந்து பிரிந்தது. அதற்கு முன் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ பொத்துவிலிலோ பிறந்தவர் பத்திரத்தில் ‘மட்டக்களப்பு மாவட்டம்’ என்றுதான் இருப்பார். அதைப் பார்த்து மட்டக்களப்பு நகரத்தில் தேடினால் ஆள் அகப்படமாட்டார். அதோடு பழைய பத்திரங்களில் ஊர்ப் பெயருக்குப் பதிலாகப் பற்றின், அதாவது பழைய நிர்வாகப் பிரிவின், பெயர் நிற்கும். கரவாகுப்பற்று என்று கண்டால் கல்முனைப் பக்கம் போங்கள்.

1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிந்திய பிறப்புப் பத்திரத்தில் ஒரு புதையல் இருக்கிறது. பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத ஒரு கூடு உண்டு. தகப்பன் வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் பூட்டனாருக்கும் ஒரு கூடு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் வழிப் பிறப்பைக் கேட்டதால் வந்த கூடுகள் இவை. 1955இல் பிறந்த மாமாவின் பத்திரத்தில் 1870களில் பிறந்தவர் ஒருவர் தலைகாட்டக் கூடும். ஆனால் அந்த ஆண்டைத் தகப்பன் வாயால்தான் சொல்லியிருப்பார். 1880, 1890 என்று முழு எண்ணாக நின்றால் ஐந்து ஆண்டு முன்னே பின்னே தேடுங்கள்.

1951க்கு முந்திய பிறப்புப் பத்திரத்தில் பாட்டன் இல்லை. தகப்பனின் தொழிலும் இனமும், தாயின் கன்னிப் பெயரும், அறிவித்தவர் யார் என்பதும் உண்டு. விவாகப் பத்திரம்தான் இவை எல்லாவற்றிலும் கனமானது. இரு பக்கத்துத் தகப்பன்மாரின் பெயரும் தொழிலும், வயதும், சாட்சிகளும் அதில் கிடைக்கும். சாட்சிகள் பெரும்பாலும் மாமன், மச்சான்தான். இறப்புப் பத்திரத்தில் உள்ள வயதை மட்டும் நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்குப் போடாதீர்கள். அதைச் சொன்னவர் பிறந்தபோது கூட இருந்தவர் அல்ல.

1978 நவம்பர் சூறாவளி, யுத்தம், 2004 சுனாமி என்று இங்கே வீட்டுப் பத்திரங்கள் பல முறை போயிருக்கின்றன. டச் பாரில் வீடே போனவர்கள் உண்டு. வீட்டுப் பிரதி தொலைந்தால் பதிவகத்தில் மூலம் இருக்கலாம், கேட்காமல் கைவிடாதீர்கள். பதிவே இல்லாதவர்களுக்குக் கொடுத்த உத்தேச வயதுச் சான்றிதழ் கையில் கிடைத்தால், பெயரிலேயே உள்ளபடி அந்தத் தேதி உத்தேசம். அதை ஆதாரமாக எடுக்க வேண்டாம்.

கோயில் இடாப்பு

1867க்கு முன்னே போக முக்கிய வழி கோயில். முதலில் எந்தக் கோயில் என்று தீர்மானிக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கம் தடுக்கப்பட்டிருந்தது. குருமார் கோவாவில் இருந்து மறைவாக வந்து போனார்கள். பிள்ளையின் பிறப்பும் விவாகமும் சட்டப்படி செல்ல வேண்டுமென்றால் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையில் பதிய வேண்டியிருந்தது. மனதால் கத்தோலிக்கராக இருந்தவரும் அங்கே பதிந்திருக்கலாம். கத்தோலிக்கர் மீதான அந்தத் தடைகளை ஆங்கிலேயர் நீக்கியது 1806இல். 1814இல் மெதடிஸ்த மிஷன் மட்டக்களப்புக்கு வந்தது. ஒல்லாந்தப் போதகர் இல்லாமல் போன குடும்பங்கள் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளுக்கும், கலியாணம் முடித்துக் கத்தோலிக்கத்துக்கும் பிரிந்தன. 1800க்கும் 1850க்கும் இடையில் கொடி அறுந்து போவது போலத் தெரிவதற்கு அநேகமாக இதுதான் காரணம். ஆள் மறையவில்லை, கோயில் மாறியிருக்கிறார். ஒரே குடும்பத்துக்காக மூன்று சபைகளின் இடாப்பையும் பார்க்க வேண்டி வரலாம்.

மறைமாவட்ட எல்லையும் மாறியது. 1893 வரை மட்டக்களப்பு யாழ்ப்பாண மறைமாவட்டத்தோடு இருந்தது. பிறகு திருகோணமலை மறைமாவட்டம். 2012இல்தான் மட்டக்களப்பு தனியாகியது. ஆயர் இல்லத்துக்குக் கடிதம் எழுதும்போது தேடும் ஆண்டு எந்தக் காலத்துக்குள் விழுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

பங்குத்தந்தையிடம் ஞாயிறு பூசை முடிந்த சந்தடியில் போய்க் கேட்காதீர்கள். முன்னரே நாள் கேட்டு, தேவையான ஆளின் பெயர், பெற்றோர், ஐந்து ஆண்டுக்குள் அடங்கும் காலம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். “எங்கட ஆக்கள் எல்லாரையும் பார்க்க வேணும்” என்றால் எந்தக் குருவானவரும் பயந்து போவார்.

பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு சொல் தெரிந்தால் போதும். நாத்துஸ் என்றால் பிறந்தான், நாத்தா பிறந்தாள். பிலியுஸ் மகன், பிலியா மகள். பத்ரீனுஸ் ஞானத்தந்தை, மத்ரீனா ஞானத்தாய். உக்ஸோர் மனைவி. செபுல்துஸ் அடக்கம் செய்யப்பட்டவன். பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிப் பத்து நாள் வித்தியாசத்தில் இரண்டு பிள்ளைகளை உண்டாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஓரத்தைப் பார்க்க மறக்காதீர்கள். 1908 தொடக்கம், விவாகம் செய்தவரின் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அந்த விவாகத்தைக் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை ஒழுங்கு. எந்தக் கோயிலில், எந்தத் தேதியில், யாரோடு என்று அந்த ஓரக் குறிப்புச் சொல்லும். கொழும்பிலோ திருகோணமலையிலோ போய்க் கலியாணம் முடித்து அங்கேயே நின்றுவிட்ட சித்தப்பாமாரை இதில்தான் பிடிக்கலாம்.

விவாகப் பதிவில் ‘இரண்டாம் படி’, ‘மூன்றாம் படி’ என்று உறவுத் தடை நீக்கிய குறிப்பு இருந்தால் அதை எழுத்துக்கு எழுத்து எடுங்கள். பழைய திருச்சபைக் கணக்கில் இரண்டாம் படி என்றால் இருவருக்கும் பாட்டன் பாட்டி ஒன்று. மூன்றாம் படி என்றால் பூட்டன் பூட்டி ஒன்று. சின்னச் சமூகத்தில் உறவுக்குள் கலியாணம் சாதாரணம். பத்திரமே இல்லாத ஒரு தலைமுறையை இந்த ஒற்றை வரி கட்டித் தரும். எங்கள் கணிப்பில் முழு இடாப்பிலும் பெறுமதியான வரி இதுதான். அதைத்தான் அநேகர் படிக்காமல் தாண்டுகிறார்கள்.

பெயர் செய்யும் விளையாட்டு

லத்தீன் குரு யோவான்னெஸ் என்று எழுதியவரைப் போர்த்துக்கேய வாய் ஜுவாங் என்றும், ஆங்கில எழுதுவினைஞர் ஜோன் என்றும், தமிழ் உபதேசியார் அருளப்பு என்றும் எழுதுவார். நால்வரும் ஒருவர். பேதுரு இராயப்பு ஆவார். யாகப்பர் சந்தியாகோ ஆவார். இசபெல்லும் எலிசபெத்தும் ஒரே பெண்ணாக இருக்கலாம். குடும்பப் பெயர் தமிழுக்குப் போய்த் திரும்ப ஆங்கிலத்துக்கு வரும்போது எழுத்து மாறும். தமிழில் ‘ப’வில் தொடங்கும் பெயரை ஆங்கில அட்டவணையில் பி (B, P), எஃப் (F), வி (V) என்ற எல்லா எழுத்திலும் தேட வேண்டும். நீங்கள் காணும் ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு தாளில் சேர்த்து வையுங்கள். பதினைந்து வடிவம் சேருவது அதிசயம் அல்ல.

ஒக்கர்ஸ் போல ‘ஸ்’ என்று முடியும் ஒல்லாந்தப் பெயர் ‘ஒக்கரின் மகன்’ என்பதன் சுருக்கம். அது நிலைத்த குடும்பப் பெயராக ஆவதற்கு முன் தகப்பனுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். போர்த்துக்கேயப் பெயரோ இரத்தத்துக்குச் சாட்சி அல்ல. ஞானஸ்நானம் பெற்ற உள்ளூரவரும், விடுதலையான அடிமையும் ஞானத்தந்தையின் பெயரை எடுத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் உள்ள சில்வாவும் பெரேராவும் லிஸ்பனில் இருந்து வந்தவர்கள் இல்லையே.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது: எங்கள் மூதாதை யூதரா? போர்த்துக்கல் 1497இல் யூதரைக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றியது. ‘புதுக் கிறிஸ்தவர்’ எனப்பட்ட அவர்களில் சிலர் கப்பலேறிக் கீழைத்தேயம் வந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தைப் போர்த்துக்கல் 2015இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, மென்டிஸ், றொட்ரிகோ என்ற பெயர்களை யூதப் பெயர்ப் பட்டியலில் கண்டவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் பட்டியலால் ஒன்றும் ஆகாது. மதம் மாறியவர்கள் மற்றப் போர்த்துக்கேயருக்கு இருந்த அதே பெயர்களைத்தான் எடுத்தார்கள். பெயர் ஒற்றுமை போதாது. தலைமுறை தலைமுறையாகப் பத்திரத்தோடு போய், அந்தக் குறிப்பிட்ட ஆளைப் புதுக் கிறிஸ்தவர் என்று சொல்லும் ஒரு பதிவைக் காட்ட வேண்டும். லிஸ்பன் மத விசாரணை மன்றத்தின் வழக்கேடுகள் போர்த்துக்கல் தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன, பெரும்பகுதி இணையத்தில் பார்க்கலாம். நமக்கு அருகில் இருந்த கோவா மன்றத்தின் ஏடுகளோ பெரும்பாலும் அழிந்துவிட்டன. மட்டக்களப்பில் இருந்து தொடங்கும் ஒருவருக்கு, போர்த்துக்கேயர் இலங்கையை ஒல்லாந்தரிடம் இழந்த 1658க்கு முன்னே போகும் பத்திரச் சங்கிலி கிடைப்பது மிக அரிது. இதை முதலே தெரிந்துகொண்டு தேடுவது காசுக்கும் நல்லது.

உறுதி சொல்லும் கதை

காணி உறுதியை வக்கீல் படிப்பது போல அல்ல, உறவுக்காரர் படிப்பது போலப் படியுங்கள். ‘எனக்கு இன்ன இலக்க, இன்ன தேதிய உறுதிப்படி ஆட்சியான’ என்ற வாசகம் முந்திய உறுதிக்கு வழி காட்டும். அந்த உறுதி அதற்கு முந்தியதைக் காட்டும். நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும் என்பதால் வீட்டில் தொலைந்ததும் அங்கே கிடைக்கக் கூடும். நான்கு எல்லையிலும் உள்ள அயலவர் பெயர்களையும் எழுதுங்கள். பெரிய வளவு பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது அயலவரானவர்கள் உடன்பிறப்புகளே.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குப் போகும். இந்த வழக்கம் பறங்கிக் குடும்பங்களையும் தொட்டிருக்கிறது. ஆகவே வீட்டைத் தகப்பன் வழியில் தேடிக் காணாவிட்டால், சீதன உறுதியைப் பிடித்துத் தாய், தாயின் தாய் என்று போய்ப் பாருங்கள். 1877 யூன் 29க்கு முன் கலியாணம் முடித்தவர்களுக்கு, ரோமன் ஒல்லாந்தச் சட்டப்படி, சொத்துப் பொதுவாகப் புருஷன் பெண்சாதி இருவருக்கும் சொந்தம். அந்தக் காலத்து உறுதியில் விதவை தன் பாதியையும் பிள்ளைகள் மறு பாதியையும் விற்பதாக எழுதியிருந்தால், எல்லாப் பிள்ளைகளின் பெயரும், மருமக்களின் பெயரும் கூட, வரிசையாக வந்துவிடும்.

சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) ஒரு சொல் மட்டும். உப்புக் காற்றில் தேய்ந்த கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், சோக்கும் பூசாதீர்கள். காலை எட்டு மணிக்கோ பின்னேரம் நாலரைக்கோ சாய்ந்த வெயிலில், தண்ணீர் தெளித்து, கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் எழுத்து எழும்பும்.

மட்டக்களப்புக்கு வெளியே

1950கள், 60களில் அவுஸ்திரேலியா போன உறவினர் இருந்தால் கன்பராவை மையமாகக் கொண்ட அவுஸ்திரேலியத் தேசிய சுவடிக்கூடத்தின் இணைய அட்டவணையில் அவர் பெயரைத் தேடுங்கள். வெள்ளையருக்கே இடம் என்றிருந்த அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பூர்வீகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. விண்ணப்பத்தோடு வம்சாவளி இணைத்தவர்கள் உண்டு. கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அது எதற்காக எழுதியது என்று யோசியுங்கள். ஐரோப்பியர் என்று நிறுவ எழுதியதில் தமிழ்ப் பூட்டி பெயர் மாறியிருப்பாள், அல்லது இருக்கவே மாட்டாள். 1908இல் உருவான ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் வெளியிட்ட வம்சாவளிகளுக்கும் இதையே சொல்ல வேண்டும். உழைப்புப் பெரிது, கண் ஆண் வழியில். மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பறங்கியர் அதில் அதிகம் இல்லை.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் கால ஏடுகள் இருக்கின்றன. எழுத்து 18ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தக் கையெழுத்து. ஆள், ஆண்டு, இடம் மூன்றும் தெரியாமல் போனால் நாள் வீண். கொழும்பு வுல்பெண்டால் முதலான சீர்திருத்தச் சபை இடாப்புகளின் படங்கள் ஃபமிலிசேர்ச் தளத்தில் இலவசமாக உள்ளன. பஸ் ஏறுவதற்கு முன் அவற்றைப் பார்த்து முடியுங்கள்.

கடைசியாகத்தான் கப்பல். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் சம்பளப் பேரேடுகள் ஹேக் நகரத் தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன. 18ஆம் நூற்றாண்டுக்கான பெயர் அட்டவணையை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர், சொந்த ஊர், பதவி, கப்பல், புறப்பட்ட தேதி, சேவை முடிந்த தேதி, முடிந்த காரணம் எல்லாம் கிடைக்கும். சொந்த ஊர் ஜேர்மனியாகவோ பிளாண்டர்ஸாகவோ இருந்தால் திடுக்கிட வேண்டாம், கம்பெனியின் சிப்பாய்களில் பெரும் பங்கு ஒல்லாந்தரே அல்ல.

ஒரே பெயரில் பத்துப் பேர் நிற்பார்கள். மூன்று கேள்வி கேளுங்கள். முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு முன்னரே அவர் இறந்தாரா, ஊர் திரும்பினாரா? அவர் வந்த கப்பலின் ஆண்டுக்கும் அந்த ஞானஸ்நானத்துக்கும் இடைவெளி பொருந்துகிறதா? இலங்கைப் பதிவு ஏதாவது அவருடைய சொந்த ஊரையோ பதவியையோ சொல்கிறதா? மூன்றாவதுக்கு ஆம் என்று பதில் வந்தால்தான் அவர் பெயரை மரத்தில் மையால் எழுதலாம். இல்லையேல் பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, எந்தப் பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் கண்டீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.